கடமையா, மனதுருக்கமா?

திருகோணமலை மீன் சந்தையில், விலை தெரியாத ஒரு சிறுமி சூடை மீன் வாங்க வந்தாள். வியாபாரி அவளை ஏமாற்றவில்லை. தராசு சமமாக நின்ற பிறகும் இரண்டு மீனைக் கூடப் போட்டார்.

1785இல் ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் இத்தகைய கடைக்காரரைப் பற்றியே எழுதினார்: வாடிக்கை கெடும் என்று அஞ்சிக் காட்டும் நேர்மைக்கு அறமதிப்பு இல்லை, கடமைக்காகவே நடக்க வேண்டும். ‘அயலானை நேசி’ என்ற விவிலியக் கட்டளையையும் அவர் உணர்வாக அல்ல, செயலாகவே படித்தார். வெறும் இரக்கத்தால் செய்வதற்கு அந்த மதிப்பை அவர் தரவில்லை. அங்கேதான் என் நெஞ்சு ஒப்பவில்லை.

விவிலியத்தில், லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரக் கதையில் வரும் சமாரியனோ, வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனைக் கண்டு மனதுருகுகிறான். காயத்தில் எண்ணெய் வார்க்கிறான். விடுதிக்காரனிடம் இரண்டு தெனாரியம் (ரோமானிய வெள்ளிக் காசு) கொடுத்து, மேலும் செலவானால் திரும்பும்போது தருவதாகச் சொல்கிறான்.

பிசகாத தராசுக்குக் காண்ட் வேண்டும். அந்த இரண்டு சூடைக்குச் சமாரியன்தான்.