ஜிம்னியா, தாரா?

மாருதி ஜிம்னி, மூன்று கதவு மகிந்திரா தார், இரண்டுமே காடுமேடு ஏறும் வண்டிகள்: நீளம் இரண்டுக்கும் 3985 மி.மீ. லேடர் சேசிஸ் (ஏணி வடிவ அடிச்சட்டம்), லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஊர்ந்து செல்ல உதவுவது) இரண்டிலும் கிடைக்கும். ஒற்றுமை அத்தோடு சரி.

தாரின் அகலம் 1820 மி.மீ., ஜிம்னி 1645தான். காட்டுப்பாதையில் எதிரே ஜீப் வந்து, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக நிற்கும்போதுதான் இந்த முக்கால் சாண் எவ்வளவு பெரியது என்று புரியும். எடையிலும் ஜிம்னிக்கே லாபம்: அதன் எடை சுமார் 1,200 கிலோதான். சேற்றில் அவ்வளவு சீக்கிரம் புதையாது. முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் (இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஒரே இறுகிய அச்சு) என்பதால் ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் அடுத்த சக்கரம் கீழே அழுந்தி மண்ணைப் பிடிக்கும். அதே அமைப்பு நெடுஞ்சாலையில் தொந்தரவு. ஸ்டீயரிங் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும்.

இழுவை என்று வந்தால் பேச்சே இல்லை. ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தரும் டார்க் (சுழல்விசை) 134 நியூட்டன் மீட்டர், தாரின் 2.2 லிட்டர் டீசல் 300. நாலு பேரோடு மலையேறினால் ஜிம்னியில் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் தாரின் பின்சீட்டுக்கு, முன்சீட்டை மடக்கித்தான் ஏற வேண்டும். அம்மாவையோ மாமியாரையோ ஏற்றிப் பாருங்கள், தெரியும்! ஐந்து கதவு ஜிம்னியில் அந்த வம்பில்லை.

இன்னொன்று: ஜிம்னியில் எல்லா வேரியன்ட்டும் 4x4, அதாவது நாலு சக்கர இழுவை. தாரில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ளவையும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

எஸ்டேட், தோட்டம் என்று திரிபவருக்கு என் ஓட்டு ஜிம்னிக்கு. வாரம் தவறாமல் சென்னை–மதுரை ஓடுபவர் டீசல் தாரையே எடுக்கலாம்.