ரோஸ் வைரம் வாங்குகிறவர்கள் பில்லை இரண்டு தரம் வாசியுங்கள்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நிற வைரம் பார்க்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும்.

தம்பியின் கலியாணத்துக்கு, பெண்ணுக்குப் போட ஒரு மோதிரம் தேடினோம். 20 சென்ட் (கரட்டில் ஐந்தில் ஒரு பங்கு) ரோஸ் கல், மூன்றரை இலட்சம் ரூபாய். முதலாளி நன்றாகவே விளக்கினார். மஞ்சள் வைரத்துக்குள் நைதரசன், நீலத்துக்குள் போரன். ரோஸுக்குள் அப்படி ஒன்றும் கலக்கவில்லை, பூமிக்கு அடியில் அமுக்கப்பட்டுப் படிக அடுக்குகள் நெளிந்ததால் வந்த நிறம். ரோஸ் கற்களில் பெரும்பகுதியைத் தந்த அவுஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020இல் மூடியாயிற்று, இனி விலை ஏறத்தான் செய்யும், எங்களுக்கென்றபடியால் குறைத்துத் தருகிறாராம். பிறகு தேடிப் பார்த்தேன். நிறங்களைப் பற்றியும் சுரங்கத்தைப் பற்றியும் சொன்னது அவ்வளவும் உண்மை.

மோதிரம் கொஞ்சம் லூஸ். வழமையாக எங்களுக்கு நகை செய்யும் பத்தரிடம் சிறிதாக்கக் கொடுத்தேன். சூடு காட்டி ஒட்டி, திராவகத்தில் போட்டெடுத்தவர் அன்று பின்னேரமே கோல் எடுத்தார். "பிள்ளை, ஒருக்கா வந்து பாருங்கோ." போய் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். கல்லின் அடிப்பக்கத்தில், ஒரு கவ்வுக்குப் பக்கத்தில், நகப்பூச்சு உரிந்தது போல ஒரு திட்டு. அதற்குள் ரோஸ் இல்லை. பலதரம் தோய்த்த வெள்ளை வேட்டியின் பழுப்பு மஞ்சள். "கல்லு வைரந்தான் பிள்ளை. நிறந்தான் அதின்ரயில்லை" என்றார்.

அந்த இலேசான மஞ்சளுக்கும் காரணம் நைதரசன்தான். வெள்ளை வைரத்தை டி முதல் இசெட் வரை தரம் பிரிப்பார்கள். மஞ்சள் ஏற ஏற விலை இறங்கும். அப்படி இறங்கிய ஒரு கல்லின் அடியில் மெல்லிய பூச்சுக் கொடுத்தால் ரோஸ் வைரம்! எங்கள் அம்மம்மா காதில் போட்டிருந்த மாத்தறை வைரமும் வைரமில்லைத்தான், சிர்க்கோன் கல். ஆனால் அது அவவுக்கும் தெரியும், விற்றவருக்கும் தெரியும்.

கடைக்குப் போனேன். முதலாளியின் முகம் மாறவேயில்லை. "தங்கச்சி, பில்லைப் பாருங்கோ. இயற்கை வைரம் எண்டுதானே போட்டிருக்கு? வைரம் இயற்கைதானே?"

சரிதான். நிறம் இயற்கை என்று எங்கேயும் எழுதவில்லை. கூடத் தந்த பிளாஸ்டிக் அட்டையிலும் நிறம் எப்படி வந்தது என்று ஒரு சொல் இல்லை. ஜி.ஐ.ஏ. போன்ற ஆய்வுகூடம் நிற வைரத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில், நிறம் இயற்கையா ஏற்றியதா என்பது தனியாக இருக்கும். அது இல்லாத கடதாசியை நம்பிக் காசு எண்ணாதீர்கள். பச்சைக் கல்லென்றால் இன்னும் கவனம். இயற்கையில் அதற்கு நிறம் தருவது பாறைகளின் கதிர்வீச்சு; அதே வேலையை இப்போது இயந்திரத்திலும் செய்கிறார்கள், ஆய்வுகூடங்களே சிலவேளை பிரித்தறியத் தடுமாறும்.

என்மேலும் எனக்குக் கோபம். சுரங்கம் மூடியாயிற்று, ஆனால் உங்களுக்கு மலிவு என்று ஒரே மூச்சில் சொன்னபோதே எழும்பி வந்திருக்க வேண்டும்.

கடைசியில் அவர் சொன்னதைக் கேளுங்கள்: "கோவிக்காதேங்கோ தங்கச்சி, மோதிரத்தைத் தந்திட்டுப் போங்கோ, திரும்ப நிறம் ஏத்தித் தாறம். காசு வேண்டாம்." கொடுக்கவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் கேட்டால் காட்ட, அந்த உரிந்த திட்டோடு அப்படியே அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.