லின்ட்சே வழியில் உள்ள ஷெட்டில் எங்கள் ட்ரெய்லர்: இரண்டு குளிர்கால அனுபவம்

வண்டிக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போய்ப் பார்க்குகளில் தங்குகிற எங்கள் ட்ரெய்லரின் பெயரோடு 22 என்ற எண் ஒட்டியிருக்கிறது. அது 22 அடி நீளம் என்றுதான் இரண்டு வருடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்ராறியோவில் லின்ட்சே ஊருக்குப் போகிற வழியில், குளிர்காலத்துக்கு வண்டிகளை வைக்க வாடகைக்கு விடும் ஷெட்டின் சொந்தக்காரர் அளவுநாடாவின் ஒரு நுனியை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மற்ற நுனியோடு பின்பக்கம் நடந்து போய் உதிரி ரயர் வரைக்கும் இழுத்துப் பார்த்தார். 26 அடி 4 அங்குலம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொளுவியும் கணக்கு, பின்னால் தொங்கும் ரயரும் கணக்கு. அங்குலம் மிஞ்சினால் அடுத்த அடிக்கு ஏற்றிவிடுவார்கள். ஆக 27 அடி. அடிக்கு 32 டொலர் வீதம் 864. அதற்கு மேல் 13 வீதம் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி. ஒரு குளிர்காலத்துக்கு 976 டொலர் 32 சதம். என் கணவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் கோடையில் மட்டும் எங்கள் ஆட்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அவ்வளவு காசு கொடுத்துக் கூரைக்குக் கீழே வைக்கத்தான் வேண்டுமா என்று. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் எழுதிவைக்கிறேன்.

நான் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜாக்ஸில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். ஜூலையும் ஓகஸ்டும் வேலை இல்லை. அதனால்தான் 2021 கோடையில் இந்தப் பழைய ட்ரெய்லரை வாங்கினோம். 2018ஆம் ஆண்டு மொடல். மே மாத விக்டோரியா டே வாரக் கடைசியில் தொடங்கி ஒக்ரோபர் தாங்ஸ்கிவிங் வரைக்கும் எங்களுக்கு அது இரண்டாவது வீடு. மிச்ச ஏழு மாதமும் அதை எங்கே வைப்பது என்பதை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. வீட்டு டிரைவ்வேயில் நாட்கணக்கில் நிறுத்தினால் நகரசபையிலிருந்து ஆள் வரும் என்பதை, ஆள் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

முதல் குளிர்காலம் ஒரு திறந்த யார்டில் விட்டோம். மலிவு. நீல நிறத் தார்ப்பாய் ஒன்றை வாங்கி, இவர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். அதுதான் பிழை. காற்றடிக்கும்போது தார்ப்பாய் அசைந்துகொண்டே இருக்கும். அதன் கண்ணியும் கயிறும் கூரை றப்பரில் உரஞ்சி உரஞ்சி, மார்ச் மாதம் பார்த்தபோது ஒரு சதக் காசு அளவுக்கு ஓட்டை. கூரையில் கிடந்த ஸ்நோ பகலில் உருகி, இரவில் திரும்ப உறைந்து, பொருத்துகளில் பூசியிருந்த பசையையும் கிளப்பிவிட்டது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது வீதம் பெருக்கும். அந்த ஒன்பது வீதம் போதும். பிள்ளைகள் படுக்கும் மூலையில் சுவரை விரலால் அமத்தினேன், ஊறிய பாண் மாதிரி உள்ளே போனது. திருத்த 2,300 டொலர். யார்டில் மிச்சம் பிடித்தது அதில் கால்வாசிகூட இல்லை.

இரண்டாவது குளிர்காலம் கூரை வேண்டும் என்று முடிவெடுத்து ஒரு பழைய மரப் பார்னில் (பண்ணைக் கொட்டிலில்) விட்டோம். கூரை இருந்தது, நிலம் கிரவல். இங்கேதான் நான் ஒன்றைப் படித்தேன்: கூரை ஒழுகாவிட்டாலும் ஈரம் கீழேயிருந்து வரும். வசந்தத்தில் மண் இளகும்போது எழும்புகிற ஈரம் மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டு, திரும்பச் சொட்டாக விழும். கூரைக்குக் கீழேயே மழை. மெத்தையின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி.

அப்புறம் எலி. மாமி வறுத்த அரிசிமா ஒரு டப்பாவில் போட்டு அலுமாரியில் வைத்திருந்தார். எடுக்க மறந்துவிட்டோம். டப்பாவின் மூலையை அரித்து, மாவை முழுக்கச் சாப்பிட்டு, அடுப்புக்குக் கீழே இருந்த லாச்சிக்குள் பேப்பர் டவலும் மெத்தைப் பஞ்சும் வைத்துக் கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த மிளகாய்த்தூள் டப்பாவில் ஒரு பல்லடையாளம் இல்லை. மாமிக்கு மாவை இழந்த கவலையைவிட, கனடா எலிக்கு உறைப்பு விளங்கவில்லை என்பதுதான் பெரிய கதையாக இருந்தது. உடுப்பு உலர்த்தும்போது போடும் வாசனைத் தாளை வைத்தால் எலி வராது என்று யாரோ சொல்லி, நான் ஒரு பெட்டி வாங்கி மூலைக்கு மூலை வைத்திருந்தேன். அந்தத் தாளும் கூட்டுக்குள்ளேதான் இருந்தது, நன்றாகக் கிழித்து மெத்தையாக்கி.

அதற்குப் பிறகுதான் லின்ட்சே ஷெட். 2023–24, 2024–25 என்று இரண்டு குளிர்காலம் அங்கே. தகரச் சுவர், தகரக் கூரை, நிலம் கொங்கிரீற். கொங்கிரீற் போடுவதற்கு முன்னால் கீழே பிளாஸ்ரிக் விரிப்புப் போட்டிருக்கிறார்களா என்று நான் கேட்டேன். போட்டது என்று சொன்னார். கேட்டதற்காக என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சூடேற்றாத ஷெட்தான். அது பிரச்சினை இல்லை. வெளியே மைனஸ் 20 என்றால் உள்ளேயும் குளிர்தான், ஆனால் காற்று இல்லை, ஸ்நோ இல்லை, வெயில் இல்லை. சூடேற்றிய இடமும் அந்தப் பக்கத்தில் உண்டு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. குழாய்களில் தண்ணீர் இல்லாமல் பண்ணத் தெரிந்தால் அந்தக் காசு வீண் என்பது என் எண்ணம். பெரிய மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

கொண்டுபோய் விடுகிற நாள் கொஞ்சம் பரீட்சை மாதிரி. காப்புறுதிப் பத்திரம் காட்ட வேண்டும். காஸ் சிலிண்டர் இரண்டையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே ஒன்றுகூட விடமாட்டார். ஒரு ஷெட்டுக்குள் நாற்பது வண்டி, ஒன்று பற்றினால் எல்லாம் போய்விடும். அது எனக்குப் பிடித்தது. முந்தின பார்னில் யாரும் கேட்கவே இல்லை. சிலிண்டர்கள் இப்போது எங்கள் பின்வளவில் நிமிர்த்தி நிற்கின்றன. வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைக்கக்கூடாது.

பிறகு மனிதர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து ரயரைப் பார்த்தார். நான் தினமும் விடிய ஐந்தே முக்காலுக்கு பஸ்ஸைச் சுற்றிச் செய்கிற அதே வேலை. ரயரின் பக்கத்தில் டிஓரி (DOT) என்ற எழுத்துக்களுக்குப் பிறகு கடைசி நான்கு இலக்கம் 2318. 2018ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. ஐந்து வருடம் தாண்டிவிட்டது, வசந்தத்தில் வண்டியை எடுக்கும்போது புதிதாகப் போடுங்கள், பூ தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள் என்றார். ட்ரெய்லர் ரயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பஸ் ரயரில் எனக்கு எல்லாம் தெரியும், ட்ரெய்லர் ரயரில் ஒருநாளும் அந்த இலக்கத்தை நான் பார்த்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

ரயருக்குக் கீழே பலகைத் துண்டு வைத்து, ரயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குக் காற்றடித்து விடச் சொன்னார். அப்பப்பாவின் ஏ-40 கார் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி, அதுவும் கிடைக்காதபோது கிடுகுக் கொட்டிலுக்குள் நாலு பக்கமும் கல் அடுக்கி ஏற்றி வைத்திருந்தார். ரயர் நிலத்தில் படக்கூடாது என்பார். கொட்டிலுக்கு அடிக்கு இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

இனி எனக்குக் கோபம் வந்த இடம். ஷெட்டுக்குள் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுத்து விட நான் ஆயத்தமாக நின்றேன். இவர் பக்கத்தில் நின்று, "இடதுபக்கம் வெட்டும், வெட்டும், இல்லை இல்லை, மற்றப் பக்கம்" என்று தொடங்கிவிட்டார். ஆனால் சொந்தக்காரர் வந்து, வாடிக்கையாளர் யாரும் உள்ளே ஓட்டக்கூடாது, வாசலில் கழற்றி விட்டுவிட்டுப் போங்கள் என்றார். பதினொரு வருடம் நாற்பது அடி பஸ் ஓட்டுகிறவளிடம்! சரி என்று கழற்றினேன். அவர் சின்ன ட்ராக்டரின் மூக்கில் கொளுவிப் பந்து பூட்டி வைத்திருக்கிறார். ட்ரெய்லரைக் கொளுவி, முன்னுக்குத் தள்ளியபடியே உள்ளே கொண்டுபோனார். எட்டிப் பார்த்தேன். ஒரு வண்டிக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும். அதற்குப் பிறகு நான் ஒன்றும் கதைக்கவில்லை.

வண்டி உள்ளே போனால் போனதுதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் போய்ப் பார்க்க முடியாது. ஸ்வெட்டரை உள்ளே மறந்துவிட்டேன் என்று போன் பண்ணிப் பயனில்லை. கடைசியாக விட்டவர்தான் முதலில் எடுக்கலாம். போன வருடம் மே முதல் சனிக்கிழமை பிரெஸ்கீல் பார்க்குக்குப் போக இடம் பிடித்திருந்தோம், வசந்தத்தில் அங்கே வந்து இறங்குகிற குருவிகளைப் பார்க்க. ஒன்ராறியோ பார்க்ஸ் இணையத்தளத்தில் ஐந்து மாதத்துக்கு முன்னால், காலை ஏழு மணிக்குக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து பிடித்த இடம். எங்கள் வண்டி கடைசி வரிசையில். முன்னுக்கு இருக்கிற ஆறு வண்டியை நகர்த்த 75 டொலர் கூடுதலாகக் கட்டினோம். அது ஒப்பந்தத்தில் எழுதித்தான் இருந்தது, நான்தான் வாசிக்கவில்லை.

இன்னொரு குறை, பின்பக்கச் சிவப்பு லைற்றின் மூடியில் வெடிப்பு. விடும்போது எடுத்த படம் என்னிடம் இருந்தது, காட்டினேன். மனிதர் மறுக்கவில்லை. ட்ராக்டர் பட்டிருக்கும் என்று சொல்லி 40 டொலர் கையில் தந்தார். படம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. நாலு பக்கமும், கூரையும், திகதியோடு படம் எடுத்துவிட்டு விடுங்கள். கடைசி ஒரு கிலோமீற்றர் றோட்டு மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எலி? முதல் வருடம் இல்லை. இரண்டாவது வருடம் சமையல் லாச்சியில் நாலைந்து எச்சம், அவ்வளவுதான். அவர் சுவரோரம் பொறி வைக்கிறார். ஆனால் எலிக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது, தீக்கும் அப்படித்தான். அதனால் காப்புறுதியை முழுக்க நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் ஓடும்போது மோதுவதற்கான பகுதியை மட்டும் குளிர்காலத்துக்கு நிறுத்தி, தீ, களவுக்கான பகுதியை வைத்திருக்கிறோம். அடியில் குழாயும் வயரும் நுழைகிற துளைகளை இவர் ஒரு சனிக்கிழமை முழுக்கப் படுத்துக்கிடந்து ஸ்ரீல் வூல் (இரும்புக் கம்பிப் பஞ்சு) அடைத்தார். சின்ன விரல் போகிற துளையால் எலி வந்துவிடும்.

தண்ணீர் வேலையை நாங்கள் வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் போவோம். ஷெட்டில் செய்து தருவார்கள், 140 டொலர், ஆனால் இது நானே செய்ய விரும்புகிற வேலை. சுடுநீர்த் தொட்டியை வடித்து, அதற்குத் தண்ணீர் போகாதபடி வால்வைத் திருப்பி, பம்ப் குழாயை ரோஸ் நிற அன்ரிஃபிரீஸ் கானுக்குள் விட்டு, பம்பைப் போட வேண்டும். கார் ரேடியேற்றருக்கு விடுகிற பச்சைத் திரவம் நஞ்சு, அது இல்லை. ட்ரெய்லருக்கென்று விற்கிற புரோப்பிலீன் கிளைக்கோல். குழாயைத் திறந்தால் முதலில் வெறும் தண்ணீர், பிறகு வெளிறிய ரோஸ், பிறகு சர்பத் மாதிரி. அந்த நிறம் வந்ததும் மூடி அடுத்த குழாய். எங்களுக்கு மூன்று கான் போதும். பலர் மறப்பது வெளியே இருக்கிற ஷவர். முதல் வருடம் நானும் மறந்து, அந்தப் பிளாஸ்ரிக் குழாய் நடுவால் பிளந்திருந்தது.

பற்றரி எங்கள் பேஸ்மென்ரில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். மாதம் ஒரு தரம் சார்ஜ் போடுவேன். நிறையச் சார்ஜ் உள்ள பற்றரி இந்தக் குளிருக்கு உறையாது, வெறுமையானது உறைந்து வெடிக்கும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, திரும்ப மூடாதபடி ஒரு துவாயைச் செருகிவிட வேண்டும். மெத்தைகளை நிமிர்த்தி வைக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் கதவைத் திறக்கும்போது முதலில் மூக்குத்தான் சொல்லும். பார்னில் இருந்து எடுத்தபோது பூஞ்சண நாற்றத்தில் மகள் வெளியே ஓடினாள். இங்கே இரண்டு வருடமும் போன கோடையின் விறகுப் புகை வாசம்தான், அதோடு கொஞ்சம் கறித்தூள். ஏணி வைத்துக் கூரையில் ஏறிப் பார்த்தேன். பசை எல்லாம் ஒக்ரோபரில் இருந்த மாதிரியே. அந்த மூலைச் சுவரை இப்போதும் அமத்திப் பார்ப்பேன், பழக்கமாகிவிட்டது. கல் மாதிரி இருக்கிறது.

ஐயாயிரம் டொலருக்கு வாங்கின பழைய மடக்கு ட்ரெய்லருக்கு இவ்வளவு செலவு செய்யச் சொல்லமாட்டேன். அதை யாராவது நண்பரின் கராஜுக்குள் தள்ளலாம். எங்கள் மாதிரி இருபது அடிக்கு மேல், இன்னும் பத்து வருடம் ஓட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஷெட் சரி. பக்கம் திறந்த, வெறும் கூரை மட்டும் உள்ள இடங்களும் பாதி விலைக்கு உண்டு. வெயிலுக்கு நல்லது, ஆனால் நம் ஊர்ப் பக்கம் ஸ்நோ மேலேயிருந்து மட்டும் விழுவதில்லை.

இந்த வருடமும் முற்பணம் 200 கட்டிவிட்டேன். ஒக்ரோபர் 18, சனிக்கிழமை, காலை பத்து மணி எங்கள் முறை. முன்வரிசையில் இடம் கேட்டிருக்கிறேன், பார்ப்போம் என்றார். மாமியிடம் அரிசிமா டப்பாவைப் பற்றி இப்போதே சொல்லியாகிவிட்டது.