மேமோகிராம் மட்டும் போதுமா, கூடவே ஸ்கேனும் வேண்டுமா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், 50 வயதானதும் மேமோகிராமுக்கு, அதாவது மார்புப் புற்றுநோயைத் தேடும் எக்ஸ்ரேக்கு, கடிதம் வந்துவிடும். 74 வயதுவரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, கையிலிருந்து காசு தர வேண்டாம். ஒரு மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்ற படத்தை இன்னொருவரும் பார்ப்பார். நல்ல ஏற்பாடு, கட்டாயம் போங்கள். அதற்கு மேல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ தேவையா என்பதுதான் கேள்வி. போன மாதம் தலைநகர் சேன்-தெனியில் நான் மேமோகிராமோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுத்துக்கொண்டேன். என் ஓட்டு அதற்குத்தான்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ரிப்போர்ட்டில் இருக்கும் ஓர் எழுத்து. மார்புத் திசு எவ்வளவு அடர்த்தி என்பதை ஏ, பி, சி, டி என்று குறிப்பார்கள். ஏ என்றால் பெரும்பாலும் கொழுப்பு, டி என்றால் மிக அடர்த்தி. ஏறக்குறைய பாதிப் பெண்கள் சி அல்லது டி. தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, படத்தில்தான் தெரியும். கொழுப்பு கறுப்பாக விழும். சுரப்பியும் நாரும் வெள்ளையாக விழும். புற்றுக்கட்டியும் வெள்ளைதான். முறத்தில் கொட்டிய உளுத்தம்பருப்பில் வெள்ளைக் கல்லைத் தேடுகிற வேலை.

மறைப்பது ஒரு பக்கம். அடர்த்தியே ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது. 2007-இல் வெளியான கனடிய ஆய்வில், படத்தில் 75 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி உள்ளவர்களுக்கு, 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களைவிட 4 மடங்குக்கு மேல் ஆபத்து இருந்தது. பயந்துவிட வேண்டாம், அது மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் ஒப்பிட்ட கணக்கு. நம்மில் பலர் நடுவில்தான் இருக்கிறோம்.

2 வருடம் முன்பு வேறோர் இடத்தில் எடுத்தபோது என் ரிப்போர்ட்டில் ‘சி’ என்று இருந்தது. யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நானும் கீழே இருந்த ‘2’ என்ற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாக மடித்து வைத்துவிட்டேன். எண் என்பது படத்தில் என்ன தெரிந்தது என்பதற்கு: 1, 2 என்றால் பயமில்லை, 4, 5 என்றால் ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்ப்பார்கள். எழுத்து என்பது அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இது தெரியாமல் 2 வருடம் போய்விட்டதே என்று இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது.

இந்த முறை பழைய ரிப்போர்ட்டைக் காட்டினேன். மருத்துவரே ஸ்கேனும் பார்த்துவிடலாம் என்றார். ஜில்லென்று ஜெல் தடவி, இடது பக்கம் ஓரிடத்தில் கருவியை நிறுத்தினார். மேமோகிராமில் வெள்ளை உருண்டையாக நின்ற அதே இடம் திரையில் கன்னங்கரேலென்று, ஓரம் வழவழப்பாகத் தெரிந்தது. உள்ளே வெறும் நீர். நீர்க்கட்டிதான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

ஜப்பானில் 40-களில் உள்ள 70,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. மேமோகிராம் மட்டும் எடுத்தபோது புற்றுநோய்களில் 77 சதவீதம் அகப்பட்டது, ஸ்கேனும் சேர்ந்தபோது 91. அதற்கு விலையும் உண்டு. நோயில்லாத 100 பேரில் மேற்சோதனைக்கு வீணாகக் கூப்பிடப்பட்டவர்கள் சுமார் 9-இலிருந்து 12 ஆனார்கள். உயிரிழப்பு குறைந்தது என்று அந்த முடிவு காட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம், ஸ்கேன் பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. மேமோகிராம் படத்தைப்போல இரண்டாவது கண்ணுக்கு அது போவதில்லை.

எம்.ஆர்.ஐ. நான் எடுத்ததில்லை. மார்புப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் உள்ள என் நாத்தனார் வருடாவருடம் எடுக்கிறார். குப்புறப் படுத்து, கையில் மருந்து ஏற்றி, அந்தச் சத்தத்தில் அசையாமல் கிடக்க வேண்டும் என்பார். கண்டுபிடிப்பதில் அது ஸ்கேனைவிடக் கெட்டிக்காரக் கருவி. நெதர்லாந்து ஆய்வில் இரண்டு மேமோகிராமுக்கு நடுவே தலைகாட்டும் புற்றுநோய் 1000 பேருக்கு 5-இலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. ஆனால் முதல் சுற்றில் 1000-க்கு 80 பேர்வரை வீண் பதற்றம். அந்த ஆய்வில் சேர்த்ததும் டி பெண்களை மட்டுமே. டி வந்திருந்தால் நானும் எம்.ஆர்.ஐ. பற்றி மருத்துவரிடம் கேட்டிருப்பேன். குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாத, சி எழுத்துக்காரியான எனக்கு ஸ்கேன் சரி என்று பட்டது.

பிரெஞ்சு அவ்வளவாக வராத காரைக்கால் அக்காமார்களுக்கு, படம் எடுத்து முடித்ததும் கேட்க வேண்டியது இது: “மா தான்சித்தே மம்மேர், செ கெல் லெத்ர்?” (என் மார்பின் அடர்த்தி எந்த எழுத்து?) பதில் ‘சே’ (சி) அல்லது ‘தே’ (டி) என்று வந்தால், சட்டையை மாட்டுவதற்கு முன்பே ஸ்கேனைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.