வீடியோ ஸ்டெபிலைசர் வேகமாகும் என்று நம்பவைத்து 42,000 ரூபாய் பறித்த கடை: எடிட்டர்கள் கவனத்துக்கு

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குப் பிழைப்பு. கையில் பிடித்து எடுத்த 4கே காட்சிகளின் ஆட்டத்தை அடக்க, பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் வார்ப் ஸ்டெபிலைசர் என்ற எஃபெக்ட்டைப் போட்டால், எக்ஸ்போர்ட் (முடித்த வீடியோவைக் கோப்பாக வெளியெடுப்பது) முடிவதற்குள் விடிந்துவிடுகிறது என்று, எடிட்டர்களுக்கென்றே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் ஒரு கடையில் முறையிட்டேன். "கிராபிக்ஸ் கார்டுதான் சார் பழசு, மாத்திட்டா பறக்கும்" என்றார் உரிமையாளர். சொன்னதோடு நிற்காமல், கடைக் கணினியில் ஒரு மண்டபக் காட்சியை என் கண்முன்னே எக்ஸ்போர்ட் செய்தும் காட்டினார். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதை நம்பித்தான் 42,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் புதிய கார்டுடன் ஓட்டியபோது பழைய வேகமேதான். கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ஆட்டத்தைக் கணக்கிட ஸ்டெபிலைசர் காட்சியை அலசும் நேரம் முழுவதும் பிராசஸர் உச்சத்தில் திணற, 42,000 ரூபாய்க் கார்டு ஏறக்குறையச் சும்மா கிடக்கிறது. அந்த அலசல் பிராசஸரின் வேலை. அலசிய விவரம் புராஜெக்ட் கோப்பிலேயே தங்கிவிடும், மறுபடி அலச வேண்டியதில்லை. அலசும்போது படத்தின் குறுக்கே வரும் நீலப் பட்டை கடையில் காட்டிய காட்சியில் வரவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முன்கூட்டியே அலசி வைத்த காட்சியை எக்ஸ்போர்ட் மட்டும் செய்து காட்டியிருக்கிறார்கள். இது தெரிந்தே செய்த ஏமாற்று.

போன் செய்தால் முதலில் "டிரைவர் அப்டேட் பண்ணுங்க", பிறகு "விண்டோஸ் மாத்திப் பாருங்க", அதன்பின் "டெக்னீஷியன் லீவு". நேரில் போய் நின்றபோது, "பெட்டியைப் பிரிச்சாச்சே சார், இனி எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். பில் கேட்டால் ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டைத்தான் நீட்டுகிறார்கள். ஒரு கல்யாண சீசனில் மிச்சம் பிடித்த பணம் அந்த 42,000 ரூபாய். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

வேகத்துக்கான வழிகளை விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும் சொல்கிறேன். முழு கிளிப்பில் ஸ்டெபிலைசரைப் போடாமல் தேவையான துண்டை வெட்டிய பின் போடுங்கள். ஸ்டெபிலைசர் அமைப்புகளில் 'டீட்டெய்ல்டு அனாலிசிஸ்' (நுணுக்கமான அலசல்) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதிகம் சுருக்கப்பட்ட எச்.265 வடிவக் காட்சிகளை முதலில் எடிட்டிங்குக்கு இலகுவான புரோரெஸ் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எந்தக் கடையிலும் உங்கள் சொந்தக் கிளிப்பை, புதிய புராஜெக்டில், அலசலில் தொடங்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.