மார்த்தாண்டம் ஏத்தங்காய் சிப்ஸ்: பழைய ரூம் நண்பர்களுக்குக் கொண்டுபோக எப்படி?

பல வருஷம் கழித்து துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ சிங்கப்பூருக்கோ பழைய ரூம் நண்பர்களைப் பார்க்கப் போகிறவர் என்ன கொண்டுபோவது? குமரிக்காரர்கள் சொல்லும் முதல் பதில், தேங்காயெண்ணெயில் வறுத்த ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ். மார்த்தாண்டம், குழித்துறை, படந்தாலுமூடு, களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை என்று நெடுஞ்சாலையோரம் கண்ணெதிரே வறுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. ருசிக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் நண்பர் வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் அதே மொறுமொறுப்பு இருக்க வேண்டுமென்றால், கடைப் பெயரைவிட வறுக்கிற விதத்தையும் வாங்குகிற நேரத்தையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அடுப்படியைப் பாருங்கள். காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. தோலுரித்து, கறை போக மஞ்சள் தண்ணீரில் போட்டெடுத்து, துடைத்து, காய்ந்த எண்ணெய்க்கு மேலேயே சீவற்கட்டையைப் பிடித்துச் சீவ வேண்டும். தட்டில் சீவிக் குவித்து அள்ளிப் போட்டால் வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டின இடம் வேகாது. அந்த ஈரம் பொட்டலத்துக்குள் பரவி, இரண்டு மூன்று நாளில் மற்றதையும் நமுத்துப்போகச் செய்யும்.

முக்கால் வேக்காட்டில் மாஸ்டர் ஒரு கரண்டி உப்பு மஞ்சள் தண்ணீரை எண்ணெயில் விடுவார். சட்டி பொங்கி இரையும். அந்த இரைச்சல் மெல்ல அடங்கி, கண்ணாப்பையால் கிளறும்போது வில்லைகள் கலகலவென்று சத்தம் கொடுக்கும்; அதுதான் கோரி எடுக்கும் பக்குவம். இரைச்சல் அடங்குமுன் எடுக்கிற கடையில் வாங்காதீர்கள். உள்ளே ஈரம் நிற்கிறது. தேங்காயெண்ணெயில் ஈரம் சேர்ந்தால் நாளாக நாளாக சோப்பு மாதிரி ஒரு காறல் வரும், பிறகு எந்த டப்பாவில் போட்டும் பயனில்லை.

விலையிலும் கவனம் வேண்டும். ஒரு கிலோ சிப்ஸுக்குத் தோலோடு மூன்றரை, நாலு கிலோ காய் போகும். அன்றைய காய் விலையையும் எண்ணெய் விலையையும் கூட்டிப் பாருங்கள். அதற்கும் கீழே ஒருவர் விற்றால் சட்டியில் இருப்பது தேங்காயெண்ணெயாக இருக்காது. மஞ்சள் நிறம் கண்ணைப் பறித்தால் இரண்டு வில்லையை நொறுக்கி வெந்நீரில் போட்டு, இறங்கிய நிறத்தில் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் விடுங்கள். மஞ்சள்பொடி என்றால் சிவக்கும். சிவக்காமல் பளிச்சென்ற மஞ்சளாகவே நின்றால் சாயம் என்று சந்தேகப்படலாம்.

ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் பயணத்துக்கு வாங்க ஏற்ற காலமில்லை. தேவை கூடுவதால் இளங்காயும் சட்டிக்குப் போகும். இளங்காயில் மாவு குறைவு, எண்ணெய் குடிக்கும், வில்லை வெளுத்துத் தட்டையாக இருக்கும்.

மெல்லிய வட்டச் சிப்ஸ்தான் எல்லோரும் கேட்பது. வாயில் போட அதுதான் சுகம், ஆனால் பெட்டியில் பாதி தூளாகிவிடும். நாலாகக் கீறி வறுத்த தடித்த துண்டு உடையாது. அரபு நாட்டு ரூமில் மலையாளி நண்பர்கள் இருந்தால் ஓண விருந்தான சத்யையில் இலையோரம் வைக்கிற உப்பேரி இதுதான் என்று பார்த்ததும் சொல்வார்கள். எங்கள் தேர்வு: மூன்று பங்கு நாலு வெட்டு, ஒரு பங்கு வட்டம். வெல்லப்பாகு பூசிய சர்க்கரைவரட்டி, புழுக்கம் குறைந்த மஸ்கட் குளிர்காலத்துக்கு நல்லது. சிங்கப்பூர், கொழும்புப் புழுக்கத்தில் டப்பாவைத் திறந்த மறுநாளே பிசுபிசுக்கும்.

பொதியும் முறையில்தான் பெரும்பாலும் கெடுகிறது. சூடாக வாங்கிய கையோடு பாலிதீன் உறையில் கட்டினால் உள்ளே வியர்த்து நமுத்துப்போகும். புறப்படுவதற்கு முந்தின நாள் காலை வறுத்ததை வாங்கி, வீட்டில் செய்தித்தாளில் பரப்பி, முழுக்க ஆறவிட்டுக் கட்டுங்கள். கடைக்காரர் உறையை ஊதி ஒட்டித் தந்தால் கொஞ்சம் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள். மேலே பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், உறை இன்னும் உப்பி ஒட்டு பிரியும். அரைக் கிலோ உறைகளாகப் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் அடுக்கி, துணிகளுக்கு நடுவே வைத்தால் போதும். பெட்டியில் எடையைவிட இடம்தான் அதிகம் பிடிக்கும், ஆகவே இரண்டு கிலோவுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

குளிர் நாட்டுக்குப் போகிறவர் நண்பரிடம் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும். சிப்ஸின் மேல் வெள்ளைப் படலம் தெரியும். பூஞ்சை என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். சூடான அறையில் சற்று வைத்தால் படலம் கரைந்து மறையும். பூஞ்சை என்றால் கரையாது.

கூடவே எதை எடுக்கலாம்? முந்திரிக்கொத்து என்ற இனிப்புப் பலகாரத்தைத் தாராளமாக எடுக்கலாம், தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்துச் சேர்த்திருந்தால். ஒன்றை உடைத்துப் பாருங்கள்: உள்ளே சிறுபயற்று மாவு பொலபொலவென்று உதிர வேண்டும். கையில் ஈரமாக ஒட்டினால் நாலைந்து நாளில் புளிக்கும். குமரி மாவட்ட வாழையான மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நண்பர்களுக்குக் காட்ட ஆசையாகத்தான் இருக்கும். தோல் மெல்லியது, பெட்டியில் நசுங்கிவிடும், விட்டுவிடுங்கள். கொப்பரை தானாகத் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்ற பட்டியலில் இருப்பதால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். வீட்டு மசாலாவோடு கசகசா போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமீரகத்திலும் சவுதியிலும் அது பெரிய போதைப்பொருள் வழக்காகும்.

மார்த்தாண்டம் தேன் கொடுத்தால் நண்பர் வருஷம் முழுக்க நினைப்பார். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.யின் ஸ்பென்சர் ஹேட்ச் ஊன்றிவிட்ட தேனீ வளர்ப்புத் தொழில் இது. ரப்பர் தளிர்க்கும் காலத்துத் தேன் சீக்கிரம் குருணை கட்டும், அது கலப்படம் அல்ல. வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும். 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில்தான் போக வேண்டும், அதிலும் பிளாஸ்டிக் பாட்டிலில், மூடிக்குக் கீழே ஒரு பாலிதீன் துண்டு வைத்து இறுக்கி. நியூசிலாந்துக்குத் தேன் கொண்டுபோகவே கூடாது, அங்கே நண்பர் இருந்தால் சிப்ஸோடு நிறுத்திக்கொண்டு, அதையும் வந்திறங்கும் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள்.