ஒன்பிளஸ் 6-ல் லினேஜும் மேஜிஸ்கும்: ஒன்றரை வருட அனுபவம்

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கைவிட்ட பழைய ஆண்ட்ராய்டு போனின் பூட்லோடரைத் திறந்து (அது என்ன என்று கீழே சொல்கிறேன்), கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக லினேஜ் ஓஎஸ் என்ற வேறோர் ஆண்ட்ராய்டுப் பதிப்பைப் போடுவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் கொடுப்பேன், தயங்காமல் செய்யுங்கள். அதற்கு மேல் மேஜிஸ்க் என்ற மென்பொருளைப் போட்டு ரூட் செய்வது, அதாவது சிஸ்டத்தின் எல்லா இடத்தையும் தொடும் முழு அனுமதியை வாங்குவது, வேறு விஷயம். மேஜிஸ்க் அருமையான மென்பொருள்தான், ஆனால் வங்கி ஆப்பும் யூபிஐயும் இருக்கிற ஒரே போனில் அதைப் போட வேண்டாம். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு "ரூட் பண்ணலாமா" என்று கேட்பவர்கள்தான் அதிகம், நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒன்பிளஸ் 6. 2018 மே மாதம் வந்தது, அப்போது 34,999 ரூபாய். ஸ்னாப்டிராகன் 845 சிப், இன்றைக்கும் வேகத்தில் குறை சொல்ல முடியாது, ஹெட்போன் குத்தும் இடம்கூட உண்டு, அடுத்து வந்த 6டி-யில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் கம்பெனியின் அப்டேட் ஆண்ட்ராய்டு 11-ஓடு நின்றுவிட்டது. நன்றாக ஓடுகிற ஒரு சாமானை மென்பொருள் பழசாகிவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போட மனசு வரவில்லை. 2024-ல் ஆண்ட்ராய்டு 14-ஐ அடிப்படையாகக் கொண்ட லினேஜ் 21 வந்தபோது, இந்த மாடலும் பட்டியலில் இருந்ததைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

ரூட் என்ற வார்த்தையே எனக்குத் தமிழால்தான் அறிமுகம். ஆண்ட்ராய்டு 2.3 காலத்துப் போன் வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பல போன்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். சிஸ்டம் ஃபோல்டருக்குள் ஒரு தமிழ் எழுத்துருவைக் கொண்டுபோய் வைத்தால் கட்டம் போய்விடும், ஆனால் அந்த ஃபோல்டரைத் தொட ரூட் வேண்டும். அதையும் செய்து பார்த்தால் கொம்பு இடம் மாறி நிற்கும், "கொ" என்று எழுதியது துண்டு துண்டாக வரும், ஏனென்றால் எழுத்துக்களைச் சேர்த்து வரையும் பகுதியே அதில் சரியாக இல்லை. அப்படியும் நண்பனின் குறுஞ்செய்தியைத் தமிழில் படித்த அந்த நாளின் சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அப்போது ரூட் செய்ததற்குத் தெளிவான தேவை ஒன்று இருந்தது. இன்றைக்கு ரூட் செய்யப் போகிறவரிடமும் நான் முதலில் அதைத்தான் கேட்பேன், எதற்காகச் செய்யப் போகிறீர்கள்?

சரி, பூட்லோடருக்கு வருவோம். போனை ஆன் செய்ததும் ஆண்ட்ராய்டுக்கு முன்னால் ஓடுவது இதுதான். பூட்டியிருக்கும்போது, உள்ளே இருக்கிற மென்பொருளில் கம்பெனியின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வழி விடும். திறந்துவிட்டால் எதைப் போட்டாலும் ஓட்டும், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஒரு எச்சரிக்கைத் திரையை மட்டும் காட்டும். ஒன்பிளஸ் 6-ல் திறப்பது சுலபம். அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் வரும், அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யூஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் போட்டுவிட்டு, கணினியில் இருந்து ஃபாஸ்ட்பூட் என்ற கருவி வழியாக ஒரே ஒரு கட்டளை. ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தில் போனில் இருக்கிற எல்லாம் அழிந்துவிடும். இது கோளாறு கிடையாது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் போனைத் திருடியவன் பூட்லோடரைத் திறந்து தனக்கு வேண்டியதைப் போட்டு உங்கள் படங்களை எடுத்துவிடுவான். எனக்கு இது தெரியும், படங்களையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டேன், வாட்ஸப்புக்கும் பேக்கப் எடுத்துவிட்டேன். ஆனால் இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு கொடுக்கும் ஆப்பை மறந்துவிட்டேன், அது மேகத்தில் சேமிக்கிற ஆப்பும் இல்லை. மின்னஞ்சல் உட்பட நான்கு கணக்குகளுக்குள் திரும்ப நுழைய ஒரு வாரம் ஆனது, அந்த வாரம் பட்ட பாடு சொல்லி மாளாது. தயவுசெய்து திறப்பதற்கு முன் அந்த ஆப்பில் இருக்கிற கணக்குகளை வேறொரு போனுக்கு மாற்றிவிடுங்கள், மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள்.

லினேஜ் பற்றி. 2016 கடைசியில் சயனோஜென்மாட் என்ற பழைய ஆண்ட்ராய்டுப் பதிப்பு மூடப்பட்டபோது அதிலிருந்து பிறந்த திட்டம் இது, தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். கூகுள் ஆப்கள் இதில் வராது, வேண்டும் என்றால் தனியாக ஒரு தொகுப்பை ஏற்ற வேண்டும், அதையும் முதல் முறை ஆன் செய்வதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும், அப்புறம் என்று விட்டால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதிகாரப்பூர்வ வழிமுறையில் இந்த மாடலுக்கென்று சில கூடுதல் படிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைக்கூடத் தாண்டாதீர்கள். காணொளி பார்த்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

போட்ட பிறகு போன் புதுசு மாதிரி ஆனது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், ஆனால் உண்மை அதுதான். தேவையில்லாத ஆப் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் இருக்கும் சைலன்ட் பட்டன் அப்படியே வேலை செய்கிறது. கிட்டத்தட்ட வாரம் ஒரு முறை அப்டேட் வருகிறது, பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு வந்துவிடுகின்றன. ஒரு ஆப்புக்கு இன்டர்நெட்டே கொடுக்காமல் நிறுத்தும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. டார்ச் ஆப்புக்கும் கால்குலேட்டருக்கும் எதற்கு இன்டர்நெட்? நான் முதல் நாளே ஏழெட்டு ஆப்களுக்கு வெட்டிவிட்டேன். முன்பெல்லாம் இதற்காகவே ரூட் செய்து ஃபயர்வால் போடுவார்கள். விளம்பரத் தடுப்பும் அப்படித்தான், ஆண்ட்ராய்டு 9-ல் இருந்தே பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது, டிஎன்எஸ் என்பது இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுப்பது, விளம்பரம் தடுக்கும் ஒரு டிஎன்எஸ் முகவரியை அதில் போட்டாலே பெரும்பாலான விளம்பரம் போய்விடும். யூடியூப் விளம்பரம் போகாது, ஆனால் அது ரூட் செய்து, போனுக்குள் இணைய முகவரிகளை வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்றினாலும் போகாது.

குறைகளும் உண்டு. கேமரா கம்பெனி ஆப்பில் எடுத்த அளவுக்கு வரவில்லை, குறிப்பாக இரவில். இன்னொன்று முக்கியமானது: லினேஜ் ஆண்ட்ராய்டுக்கான திருத்தங்களைத்தான் கொடுக்க முடியும், சிப்புக்கும் மோடத்துக்கும் உள்ளே ஓடுகிற ஃபர்ம்வேரைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும், அது கடைசி அப்டேட்டோடு நின்ற இடத்திலேயே நிற்கும். அப்புறம் பூட்லோடர் திறந்தே இருக்கும். உங்கள் தகவல் திரைப்பூட்டோடு சேர்த்துக் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் போன் தொலைந்ததும் யாரும் உடனே படித்துவிட முடியாது, ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் கையில் அரை மணி நேரம் போன் போய்த் திரும்பி வந்தால் அவர் உள்ளே எதையாவது வைத்துவிட முடியும், நீங்கள் பின் எண்ணைப் போடும் வரை அது காத்திருக்கும். சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினால் நான் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடுவேன். பயந்துகொண்டு லினேஜ் இருக்கும்போதே பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பெரும்பாலான போன்களில் அப்படிச் செய்தால் போன் எழுந்திருக்காது. கூகுளின் பிக்சல் போனில் கிராபீன் ஓஎஸ் என்ற இன்னொரு பதிப்பைப் போட்டால் கதை வேறு, அதன் சொந்தச் சாவியை வைத்துத் திரும்பப் பூட்ட முடியும்.

இனி மேஜிஸ்க். ஜான் வூ என்பவர் 2016-ல் தொடங்கியது. அதற்கு முன்னால் ரூட் என்றால் சிஸ்டம் பகுதியிலேயே கை வைப்பார்கள், அப்டேட் வந்தால் உடைந்துவிடும். மேஜிஸ்க் அங்கே தொடுவதே இல்லை. போனைத் தொடங்கி வைக்கும் பகுதியான பூட் இமேஜை மட்டும் எடுத்து, அதில் தன் வேலையைச் செய்து, ஃபாஸ்ட்பூட்டில் திரும்ப ஏற்றச் சொல்கிறது. அதற்குப் பிறகு மாற்றங்களை எல்லாம் ஓடும்போது மேலே ஒரு திரை விரித்த மாதிரி போட்டுக் காட்டுகிறது, அடியில் இருக்கிற சிஸ்டம் கைபடாமல் இருக்கிறது. இந்த யோசனையின் அழகுக்காகவே அதைப் பாராட்டலாம். கிட்ஹப் தளத்தில் இருக்கிற அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருந்து மட்டும் எடுங்கள், அதே பெயரில் போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன.

ரூட்டால் எனக்குக் கிடைத்த உண்மையான பயன் நியோ பேக்கப் என்ற ஆப். ஆப்பை அதன் உள்ளே இருக்கிற தகவலோடு சேர்த்து அப்படியே எடுத்து வைத்து, போனை அழித்த பிறகும் திரும்பப் போட்டுக்கொள்ள முடிகிறது. குறியீட்டு ஆப்பில் பட்ட அவதிக்குப் பிறகு இதன் அருமை எனக்கு நன்றாகவே தெரிகிறது.

ஆபத்து எங்கே என்றால், ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்பின் தகவலை இன்னொரு ஆப் பார்க்க முடியாது, அந்தச் சுவர்தான் உங்கள் வங்கி ஆப்பைக் காப்பாற்றுகிறது. ரூட் அனுமதி வாங்கிய ஆப்புக்கு அந்தச் சுவர் கிடையாது. மேஜிஸ்க் ஒவ்வொரு ஆப்புக்கும் கேட்கும், நாம் அவசரத்தில் "கொடு" என்று தட்டிவிட்டால் முடிந்தது. நான் மொத்தமே இரண்டு ஆப்புக்குத்தான் கொடுத்திருந்தேன். ஒரே கிளிக்கில் ரூட் என்று வருகிற ஆப்களையும், காசு வாங்கிக்கொண்டு ரூட் செய்து தருகிற கடைகளையும் இதனால்தான் வேண்டாம் என்கிறேன், அவர்கள் உள்ளே என்ன வைத்தார்கள் என்று நமக்குத் தெரிய வழியே இல்லை.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன். ரூட் இல்லாத லினேஜில் என்னுடைய இரண்டு வங்கி ஆப்களில் ஒன்று ஒழுங்காக ஓடியது, யூபிஐயும் ஓடியது. மேஜிஸ்க் போட்டதும் ஓடிக்கொண்டிருந்த அந்த வங்கி ஆப்பும் யூபிஐயும் திறக்க மறுத்தன. ஆப்கள் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனைச் சேவையிடம் "இந்தப் போன் நம்பகமானதா" என்று கேட்கும், பதில் மூன்று நிலைகளில் வரும், எந்த நிலை போதும் என்பது அந்த ஆப்பின் விருப்பம். ரூட்டை மறைக்கும் வசதி முன்பு மேஜிஸ்கிலேயே இருந்தது, ஜான் வூ 2021-ல் கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழுவில் சேர்ந்த பிறகு அதை எடுத்துவிட்டார். வேறு ஆட்கள் எழுதிய மாட்யூல்களை, அதாவது மேஜிஸ்கோடு சேர்க்கும் துணை மென்பொருள்களை, வைத்து மறைப்பார்கள், சில வாரம் ஓடும், கூகுள் அடைக்கும், மறுபடி தேட வேண்டும். 2025 மே முதல் ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில் வன்பொருளிடமே சான்று கேட்க ஆரம்பித்த பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. ஒரு நாள் மளிகைக் கடையில் பையை நிரப்பிவிட்டுப் பணம் அனுப்பப் போனால் ஆப் திறக்கவில்லை, கையில் நோட்டும் இல்லை. கடைக்கார அண்ணன் "பரவாயில்ல, நாளைக்குக் கொடு தம்பி" என்றார். அன்றைக்கு ராத்திரி இந்தத் துரத்தலை நிறுத்த முடிவெடுத்தேன்.

அதற்கு முன்பே, போன் முழுதாக எழாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் பூட்லூப்பும் ஒன்று பார்த்துவிட்டேன். தமிழ் எழுத்துருவை மாற்ற ஒரு மாட்யூல் போட்டிருந்தேன், பழைய ஆசை விடவில்லை. லினேஜ் அப்டேட் ஆனதும் அது ஒத்துப்போகாமல் போன் லோகோவிலேயே சுற்ற ஆரம்பித்தது. வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டு சேஃப் மோடில் ஏற்றினால் மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் நிறுத்திவிடும் என்பது தெரிந்திருந்ததால் தப்பித்தேன். அதுவும் கைகொடுக்காவிட்டால், தொடாத பழைய பூட் இமேஜை ஃபாஸ்ட்பூட்டில் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனால் நீங்கள் ஓட்டுகிற அதே பதிப்பின் பூட் இமேஜ் எப்போதும் கணினியில் இருக்கட்டும்.

எல்லாப் போனும் ஒன்பிளஸ் 6 மாதிரி இருக்காது. சாம்சங்கில் அதிகாரப்பூர்வமில்லாத மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஃபியூஸ் போய்விடும், திரும்ப வராது, ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் அதோடு போச்சு. ஷாவ்மி போன்களில் திறப்பதற்கு முன் பல நாள் காத்திருக்கச் சொல்வார்கள். வாவே கம்பெனி 2018-லேயே திறக்கும் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. சில போன்களில் திறந்ததும் வீடியோவைப் பிரதி எடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பாதுகாப்பு எல்1 என்ற உயர்ந்த நிலையில் இருந்து எல்3 என்ற கீழ்நிலைக்கு இறங்கிவிடும், நெட்ஃபிளிக்ஸ் எச்டி-யில் வராது. வாரன்டி இருக்கிற புதுப் போன் என்றால் அது முடியும் வரை பொறுங்கள்.

இப்போது ஒன்பிளஸ் 6-ல் மேஜிஸ்க் இல்லை, லினேஜ் மட்டும்தான். அதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஹெட்போனைக் குத்திப் பாட்டு கேட்கிறார், வீடியோ காலில் தம்பி பிள்ளைகளோடு பேசுகிறார், வாரம் ஒரு முறை நான் போய் அப்டேட்டை அழுத்திவிட்டு வருகிறேன்.